பின் காம்பரா அடுப்புக்குள் போன சுவர்

பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்கா மகள் ஹட்டனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயது 14. அவர்கள் வீட்டில் ஃபோன் இருக்கிறது, கொம்பியூட்டர் இல்லை. ரோப்ளொக்ஸில் மற்றவர்கள் செய்த விளையாட்டுகளை ஃபோனிலேயே ஆடலாம். நாமே ஒன்றைக் கட்ட ரோப்ளொக்ஸ் ஸ்டூடியோ வேண்டும். அது கொம்பியூட்டரில்தான் ஓடும். வந்த அன்று சோறு சாப்பிட்ட கையோடு என் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே விடாத மழை. மூன்று நாள் அவளை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை.

என்ன கட்டுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கோட்டையோ கார் பந்தயமோ இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எட்டிப் பார்த்தால் திரையில் ஒரு லயம் நிற்கிறது. எங்கள் தோட்டத்து லயம். தகரக் கூரை, வாசலை ஒட்டி ஓடும் கான், கொடியில் காயும் துணி, பீலியடியில் ஒரு வாளி. என் அம்மா வாழ்ந்த வீடு ஒரு விளையாட்டுக்குள் நிற்பதைப் பார்ப்பேன் என்று நான் எண்ணியதே இல்லை. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

விளையாட்டு இதுதான். கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும். மடுவத்தில் நிறுத்தால் காசு சேரும். போதுமான காசு சேர்ந்த பிறகு வீட்டு வாசலில் இருக்கும் பொத்தானை மிதித்தால், காம்பரா மெதுவாக முன்பக்கம் 6 அடி நீள வேண்டும். பெட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு திறப்பது போல, கண் முன்னே வளர வேண்டும்.

“மாமா, ஒரு சிக்கல். கொஞ்சம் பாருங்களேன்.”

பொத்தானை மிதித்தாள். காம்பரா வளர்ந்தது. முன்னால் 3 அடி, பின்னால் 3 அடி.

“பின் காம்பரா ஆட்களோட அடுப்புக்குள்ள போயிருச்சு மாமா!”

லயத்தைப் பார்த்திராதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதனால் சொல்லிவிடுகிறேன். கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தொழிலாளர்களை வைக்கக் கட்டியவை இந்த வரிசை வீடுகள். ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. இடப்பக்கச் சுவர் ஒரு குடும்பத்துடையது, வலப்பக்கச் சுவர் இன்னொரு குடும்பத்துடையது. இரட்டை லயமாக இருந்தால் முதுகுச் சுவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். குடும்பம் பெருகும்போது வீட்டை எந்தப் பக்கம் பெருக்குவது? முன்பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையைப் பலகையாலும் தகரத்தாலும் அடைப்பார்கள், அதற்கும் முன்னால் மண் வெட்டிச் சமன்படுத்தி ஒரு தாவாரம் இறக்குவார்கள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அப்பா அப்படித்தான் எங்கள் வீட்டை நீட்டினார். பின்சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடப் பின்வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். மறுபக்கம் அவர்களுடைய சாமிப் படம் தொங்கியது.

ஆகவே, ஒரு பக்கம் மட்டும் வளர்வது என்பது இந்தப் பிள்ளைக்கு அழகுக்கான விஷயம் அல்ல. அந்தப் பின்சுவர் அசையவே கூடாது. அசைந்தால் அது லயம் இல்லை.

“கையால இழுத்தா ஒரு பக்கம்தானே மாமா நீளுது? எழுதினா மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் போகுது?”

சரியான கேள்வி. ஸ்டூடியோவில் அளவை மாற்றும் கருவியை எடுத்து, ஒரு கட்டையின் ஒரு முகத்தில் தெரியும் உருண்டையைப் பிடித்து இழுத்தால், அந்த முகம் மட்டும் நகரும். எதிர்முகம் இருந்த இடத்திலேயே நிற்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் இரு பக்கமும் சமமாக வளரும். கையால் கட்டிப் பழகியவர்கள் பலரும் ஸ்கிரிப்ட் எழுதும்போது இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஏனென்றால் அந்தக் கருவி நமக்குத் தெரியாமல் இரண்டு வேலை செய்கிறது. அளவைக் கூட்டுகிறது, கட்டையை நகர்த்தவும் செய்கிறது. நாம் எழுதும்போது முதல் வேலையை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

ரோப்ளொக்ஸ் ஒரு கட்டையைத் தன் நினைவில் வைத்திருக்கும் விதம் அப்படி. ‘பொசிஷன்’ என்று நாம் படிப்பது கட்டையின் மூலையும் அல்ல, அடியும் அல்ல. அதன் நட்டநடுப் புள்ளி. ‘சைஸ்’ என்பது அந்த நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் பரவும் நீளம். சைஸை மட்டும் கூட்டினால் நடு அங்கேயே நிற்கும், கூடியது இரு பக்கத்துக்கும் பாதி பாதியாகப் போகும். ‘பிவட்’ என்று ஒன்றை நாம் விரும்பிய இடத்தில் வைக்க வழி இருக்கிறது. அதைப் பின்சுவரில் வைத்தால் சரியாகிவிடும் என்று அவள் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தாள். ஆகவில்லை. தூக்கிவைக்கவும் திருப்பவும்தான் பிவட். சைஸ் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சொல்லிப் பார்த்தேன், முகத்தில் தெளிவு இல்லை. மேசை லாச்சியில் ஓர் இறப்பர் வளையம் கிடந்தது. அதை வெட்டி நாடாவாக்கி, சரியாக நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு முனையை அவளிடம் கொடுத்து மேசையோடு சேர்த்து விரலால் அழுத்தச் சொன்னேன். மறு முனையை நான் இழுத்தேன்.

“உன் விரல் அசைஞ்சுதா?”

“இல்ல.”

“என் விரல்?”

“நல்லா வந்துருச்சு.”

“புள்ளி?”

அவள் அடிமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். என் விரல் வந்த தூரத்தில் பாதி தூரம் புள்ளி வந்திருந்தது. மறுபடி இழுக்கச் சொல்லி அளந்தாள். மறுபடியும் பாதி. அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. கடதாசியில் அவளே கணக்குப் போட்டாள்.

அவள் கணக்கை இங்கே எழுதுகிறேன். ரோப்ளொக்ஸின் நீள அலகு ஸ்டட். அதில் ஒரு பாத்திரம் ஏறக்குறைய 5 ஸ்டட் உயரம் நிற்கும் என்பதால் 1 ஸ்டட்டை 1 அடி என்று வைத்துக்கொண்டோம். காம்பராவின் ஆழம் 12. நடுப்புள்ளியை 0 என்று வைத்தால் பின்சுவர் -6 இல், முன்பக்கம் +6 இல். ஆழம் 18 ஆக வேண்டும். கூடுவது 6, அதில் பாதி 3. நடுவை 3 முன்னால் தள்ளு. இப்போது 18 இல் பாதி 9. முன்பக்கம் 3 + 9, அதாவது 12. பின்பக்கம் 3 - 9, அதாவது -6. பின்சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்வீட்டு அடுப்பு பிழைத்தது.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இது இரண்டு படங்களுக்கான கணக்கு: தொடக்கப் படம், முடிவுப் படம். இடையில் இரண்டு நொடி சுவர் ஊர்ந்து போக வேண்டுமே, அங்கேதான் அடுத்த தொல்லை. முதலில் அவள் சைஸை வளரவிட்டு, அது முடிந்த பிறகு கட்டையை நகர்த்தினாள். முடிவில் எல்லாம் சரி. இடையில் சுவர் பின்வீட்டுக்குள் போய், திரும்பி வந்தது. இது ஆகாது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள், இரண்டு தனித்தனி ட்வீன்களாக. இப்போது பின்சுவர் லேசாக நடுங்கியது. உள்ளே போய் வெளியே வருவது போல ஒரு துடிப்பு. அவள் முதலில் லெப்டொப்பின் வேகக் குறைவு என்று நினைத்தாள். அது காரணம் இல்லை.

ட்வீன் சர்வீஸ் என்பது ஒரு மதிப்பிலிருந்து இன்னொரு மதிப்புக்குப் படிப்படியாக அழைத்துப் போகும் ஏற்பாடு. எத்தனை நொடி, எந்த நடையில் என்பதை ‘ட்வீன் இன்ஃபோ’வில் சொல்கிறோம். நடையைச் சொல்லாமல் விட்டால் அது ‘குவாட் அவுட்’ என்ற நடையை எடுத்துக்கொள்ளும்: தொடக்கத்தில் வேகம், போகப் போக நிதானம். அவள் நகர்வுக்கு ‘லீனியர்’ என்று, அதாவது ஒரே சீரான வேகம் என்று எழுதியிருந்தாள். சைஸுக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆகவே பாதி நேரம் கடக்கும்போது நடு தன் பயணத்தில் பாதி போயிருக்கும், 1.5 அடி. சைஸோ தன் பயணத்தில் முக்கால் பங்கு முடித்திருக்கும், 12 இலிருந்து 16.5 ஆகியிருக்கும். அதில் பாதி 8.25. பின்சுவர் நிற்பது 1.5 - 8.25, அதாவது -6.75 இல். முக்கால் அடி, 9 அங்குலம், பின்வீட்டுக்குள். அந்தத் துடிப்பு அதுதான். அடுப்பு வைக்கிற திட்டில் 9 அங்குலம் சின்ன இடம் இல்லை.

வழி எளிது. இரண்டு ட்வீன் வேண்டாம். ஒரே ட்வீனுக்குள், ஒரே இலக்குப் பட்டியலில், சைஸையும், கட்டையின் இடத்தைச் சொல்லும் ‘சிஃப்ரேமை’யும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே நடையில் நடக்கும். சைஸ் எத்தனை பங்கு வளர்ந்திருக்கிறதோ அத்தனை பங்கு நடுவும் நகர்ந்திருக்கும். கூடியதும் கழிந்ததும் ஒவ்வொரு கணத்திலும் ஈடாகிவிடும். நான் இதில் சொக்கிப்போகிற இடம் ஒன்று உண்டு. எந்த நடையைக் கொடுத்தாலும் இது பொய்க்காது. துள்ளுகிற ‘பவுன்ஸ்’ கொடுங்கள், இறப்பர் போல இழுபடும் ‘எலாஸ்டிக்’ கொடுங்கள், முன்சுவர் ஆடித் தீர்க்கும். பின்சுவர் கல்லாக நிற்கும். இரவு 11 மணி வரை எல்லா நடைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

மறுநாள் கதவு வந்தது. முன்சுவரில் மாட்டிய கதவு, கட்டை வளர்ந்தபோது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு நடுவில் ஒரு கதவு. வீடு என்பது ஒரு கட்டை அல்லவே. ஒவ்வொன்றையும் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. பக்கச் சுவர்கள், தரை, கூரை இவையெல்லாம் 6 வளர்ந்து 3 நகர வேண்டும். முன்சுவர், கதவு, ஜன்னல் மூன்றும் வளரவே கூடாது, முழு 6 நகர வேண்டும். பின்சுவருக்கு வளர்ச்சியும் இல்லை, நகர்வும் இல்லை. 0, 3, 6. கடதாசியில் இந்த மூன்று எண்களை எழுதி லெப்டொப் விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். எல்லாவற்றிலும், கட்டையை நிலைநிறுத்தும் ‘ஆங்கர்ட்’ போடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் புவியீர்ப்பு ஒரு பக்கம் இழுக்கும், ட்வீன் ஒரு பக்கம் இழுக்கும்.

கூரைத் தகரத்தின் படம் வேறு இழுபட்டு, கோடுகள் எல்லாம் கொழுத்துப் போயின. ‘டெக்கால்’ என்று ஒட்டினால் படம் முகத்தோடு சேர்ந்து நீளும். ‘டெக்ஸ்சர்’ என்று ஒட்டி, எத்தனை ஸ்டட்டுக்கு ஒரு முறை படம் திரும்ப வரவேண்டும் என்று கொடுத்துவிட்டால், தகரம் அகலாது. தகரத்தின் எண்ணிக்கை கூடும். அப்பாவும் தகரத்தை இழுத்து நீட்டவில்லை, இன்னும் நான்கு தகரம் வாங்கினார்.

இனித் திசை. இதுவரை சொன்ன கணக்கு, லயம் விளையாட்டு உலகத்தின் அச்சுக்கு நேராக நிற்கும்வரை சரி. எங்கள் ஊரில் எந்த லயம் நேராக நிற்கிறது? மலையின் வளைவுக்கு ஏற்ப ஒன்று கிழக்கு பார்க்கும், அடுத்தது சற்றே தென்கிழக்கு. அவளுடைய இரண்டாவது லயத்தைச் சற்றே திருப்பி வைத்தபோது காம்பரா தன் முகம் பார்த்த பக்கம் நீள, நடு மட்டும் உலகத்தின் இசட் அச்சுப் பக்கம் நகர்ந்து, பக்கத்துக் காம்பராவை இடித்தது. பொசிஷனை விட்டுவிட்டுச் சிஃப்ரேமுக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். சிஃப்ரேமுக்கு இடமும் தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் தெரியும். கட்டையின் சிஃப்ரேமை, முன்னால் 3 என்று சொல்லும் சிறிய சிஃப்ரேமால் பெருக்கினால், ‘முன்னால்’ என்பது அந்தக் கட்டைக்கு எது முன்னாலோ அதுவாகிவிடும். ரோப்ளொக்ஸில் முகம் பார்க்கும் பக்கம் இசட்டின் கழித்தல் பக்கம். ஆகவே எழுதும்போது -3. இந்தக் கழித்தல் குறியை மறந்து அரை மணி நேரம் போனது.

இன்னொரு பள்ளம். இரண்டு நொடிக்குள் பொத்தானை இன்னொரு முறை மிதித்தால்? ஸ்கிரிப்ட், ‘இப்போதைய சைஸோடு 6 கூட்டு’ என்று எழுதியிருந்தது. பாதி வளர்ந்த சைஸை எடுத்து அதோடு 6 கூட்டியது. நான்கு முறை மிதித்ததும் காம்பரா கானைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. தொடக்க அளவையும் தொடக்க சிஃப்ரேமையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்தே கணக்குப் போடவேண்டும். ட்வீன் ஓடும்போது பொத்தானைப் பூட்டிவைப்பது அதைவிட நல்லது.

தேயிலைக்கு வந்தோம். கவ்வாத்து வெட்டிய மலை முதலில் வெறும் குச்சிக் காடாக நிற்கும், பிறகு அடியிலிருந்து தளிர்த்து மேலே வரும். அவள் விளையாட்டிலும் அது வேண்டும் என்றாள். அடி அசையாமல் மேல்நோக்கி வளர்வது, இசட் அச்சுக்குப் பதில் ‘வை’ அச்சு. மற்றபடி அதே பாதிக் கணக்கு. ஆனால் ஒரு வேறுபாடு. காம்பராவுக்குத் தன் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். செடிக்கு அப்படி அல்ல. அவள் செடிகளைச் சரிவுக்குச் செங்குத்தாக, மலையோடு சாய்த்து நட்டிருந்தாள். வளரவிட்டதும் அத்தனை செடியும் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்தன. மகளோடு வந்திருந்த அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். பதினேழு வருடம் கொழுந்து எடுத்தவள். “எந்த மலையிலடி தேயிலை இப்படி வளருது? மலை சாயும், செடி சாயாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாச் செடியையும் நிமிர்த்தி நட ஒரு மத்தியானம் ஆனது.

சுருங்குவதற்கும் இதே கணக்குத்தான், குறி மட்டும் மாறும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கவ்வாத்தை அவள் அப்படித்தான் எழுதினாள். மெழுகுதிரியையும் சேர்த்தாள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில், அவள் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தவள். திரி மேலிருந்து கரைந்து இறங்குவதும் அடி சிரட்டையில் ஒட்டி நிற்பதும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நீர்வீழ்ச்சி இதற்கு நேர்மாறு. தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை ரயிலிலிருந்து பார்த்திருப்பீர்கள், 80 மீற்றர் உயரம். மேல் கொத்மலை மின்திட்டம் 2012 இல் திறக்கப்பட்ட பிறகு பகலில் அளவாகத் திறந்துவிடுகிற தண்ணீர்தான் அதில் விழுகிறது. விளையாட்டில் அதைக் காலையில் ‘திறக்க’ வேண்டுமென்றால் தலை நிலையாக நிற்க, நடு பாதி தூரம் கீழே இறங்க, வால் முழுத் தூரம் இறங்கவேண்டும்.

திரையின் மூலையில் கூடை நிறைவதைக் காட்டும் பட்டைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. திரைப் பொருட்களுக்கு ‘ஆங்கர் பொயின்ட்’ என்று ஒன்று உண்டு. எந்த இடம் அசையக்கூடாது என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் மேல் இடது மூலை. கீழிருந்து மேலே நிறைய வேண்டும் என்றால் 0, 1 என்று கொடுத்து, பட்டையின் இடத்தையும் அடியில் வைத்தால் போதும். எங்கள் தோட்டத்தில் நாளுக்குக் கேட்கும் 18 கிலோவைத் தொட்டதும் பட்டை பச்சையாகும். யுனிட்டியில் வேலை செய்பவர்கள் வளரவேண்டிய பொருளை ஒரு வெற்றுப் பொருளுக்குப் பிள்ளையாக்கி, அந்த வெற்றுப் பொருளைப் பின்சுவரில் வைத்து, அதைப் பெரிதாக்குவார்கள். எனக்கு ரோப்ளொக்ஸின் பாதிக் கணக்கே பிடித்திருக்கிறது. வளர்வதும் நகர்வதும் வேறு வேறல்ல என்பதை அது கையில் பிடித்துக் காட்டுகிறது.

நடுவில் ஒரு சின்னச் செய்தி. ரோப்ளொக்ஸ் ஸ்கிரிப்ட் மொழியான லுவாவ், 1993 இல் பிரேசிலில் பிறந்த லுவாவின் வழி வந்தது. போர்த்துக்கீச மொழியில் லுவா என்றால் நிலா. காம்பரா என்ற நம் சொல்லும் போர்த்துக்கீசத்திலிருந்து வந்ததுதான். அவளிடம் சொன்னபோது, விளையாட்டுக்கு ‘நிலாக் காம்பரா’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

போவதற்கு முந்தின நாள் இரண்டாவது லெவலைத் தொடங்கினாள். லயத்தில் காசு சேர்த்து முடித்தவர்கள் தனி வீட்டுக்குப் போகலாம். 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது, தோட்ட மக்களுக்கு ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அந்தக் கூட்டத்துக்கு அக்காவும் போயிருந்தாள். அந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. அக்கா மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி ஒரு வீட்டில் இருக்கிறாள். அக்கா குடும்பம் இன்னும் லயத்தில்தான்.

7 பேர்ச் என்பது 1,906 சதுர அடி. காணியை முதலில் வரைந்தாள். 22 அடி ஆழம், 25 அடி அகலம் என்று வீட்டை நடுவில் வைத்தாள். நான்கு பக்கமும் மண் தெரிந்தது. பழைய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்து ஒட்டினாள். பிறகு சிஃப்ரேம் வரியில் வந்து நின்றாள். எதையோ யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அந்த வரியை முழுதாக அழித்தாள்.

“ஏன் பாப்பா? அது இல்லாட்டி ரெண்டு பக்கமும் போகுமே.”

“இங்க பின்னால யாரும் இல்லையே மாமா.”

பொத்தானை மிதித்தாள். வீடு முன்னால் 3 அடியும் பின்னால் 3 அடியும் ஒரே நேரத்தில் வளர்ந்தது. பின்பக்கம் அவள் போட்டிருந்த கீரைப் பாத்திக்குள் சுவர் ஏறிவிட்டது. பாத்தியைப் பிடித்து இரண்டு ஸ்டட் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி மிதித்தாள்.